சாவி யார் கையில்?

ஒரு பூட்டு வியாபாரியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் நல்ல விலை கொடுத்து ஒரு பூட்டு வாங்குகிறீர்கள். கொடுக்கும்போது அவன், "சாவி என்னிடமே இருக்கட்டும், நீங்கள் கேட்கும்போதெல்லாம் என் ஆள் ஓடி வந்து திறந்து விடுவான், கூலி வேண்டாம்" என்கிறான். இப்பூட்டு யாருடையது? பணம் கொடுத்தவர் நீங்கள். ஆனால் அவன் கடையை மூடிவிட்டு ஊரை விட்டுப் போனால் வாசலில் நிற்கிறவரும் நீங்களே.

நகைக்க வேண்டாம். இப்படிப்பட்ட பூட்டுகளையே இன்று நாம் வீட்டுக்கு வீடு வாங்கி வைக்கிறோம். இன்டர்நெட்டோடு இணைந்த விளக்கு, மின்விசிறி, ஏ.சி., வாஷிங் மெஷின், வாசற்கதவுக் கேமரா முதலியவற்றில் பல இவ்விதமே வேலை செய்கின்றன. செல்போனில் விரலை வைத்ததும் உங்கள் கட்டளை நேரே விளக்குக்குப் போவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி, கம்பெனிக்காரர் எங்கோ தூர தேசத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை அடைந்து, அங்கிருந்து உத்தரவு பெற்றுத் திரும்பிய பிறகே கூடத்து விளக்கு எரிகிறது. நான்கடி தூரத்துக்கு எத்தனை ஆயிரம் மைல் யாத்திரை!

ஆயினும் இவற்றை வீண் ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமன்று. பக்கவாதத்தால் கைகால் வழங்காமல் படுத்திருக்கும் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விசிறி போட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் மருமகளை எழுப்ப வேண்டும். அதற்குக் கூசிக்கொண்டு புழுக்கத்திலேயே அவர் கிடந்த இரவுகள் எத்தனையோ. இன்று வாயால் சொன்னால் விசிறி சுழல்கிறது. இது மனிதருடைய மானத்தைக் காக்கும் உபகாரம். அயல்நாட்டில் வேலை செய்யும் மகன், தனியே இருக்கும் தாயார் காலையில் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்கள் என்றறிந்து மனம் ஆறுகிறான். (அந்த ஆறுதல் கிடைத்துவிட்டதால் தாயாருக்குப் போன் போடுவதைக் குறைத்துக்கொண்ட மகன்களும் உண்டு, அது வேறு விஷயம்.)

இனி உபத்திரவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு சிறு கருவி விற்கப்பட்டது. விலை சுமார் 300 டாலர். வீட்டிலுள்ள விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒன்றாக இணைத்து நடத்தும் கருவி அது. அதன் சேவை ஆயுட்காலம் முழுவதும் உண்டு என்று சொல்லியே விற்றார்கள். 2014-ல் கூகிளைச் சேர்ந்த நெஸ்ட் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2016 மே மாதத்தில் அந்தச் சேவையை அடியோடு நிறுத்திவிட்டது. கருவியில் யாதொரு பழுதும் இல்லை. நேற்று வரை வேலை செய்த பொருள், இன்று மேசைமேல் வெறும் டப்பா! ஆயுட்காலம் என்றார்களே, யாருடைய ஆயுள்? வாங்கினவருடையதா, பொருளினுடையதா, அல்லது கம்பெனியின் பிரியமா?

வாங்கினவர்கள் கூச்சலிடவே, கம்பெனி முழுப்பணத்தையும் திருப்பித் தருவதாக முன்வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையமும் விசாரித்து, அவ்வாண்டிலேயே மேல்நடவடிக்கையின்றி விட்டுவிட்டது. அத்தோடு கணக்குத் தீர்ந்ததா? விற்றவன் விலையைத் திருப்பித் தந்தால் சட்டம் திருப்தியடையலாம். ஆனால் அக்கருவியை நம்பி விளக்கும் பூட்டும் தேடி வாங்கி வீட்டையே அதற்கேற்ப அமைத்தவனுக்கு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. வாக்குக்குப் பணம் ஈடாகுமோ? பாதிதான் ஆகும் என்பது என் எண்ணம்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயமில்லாமல் இல்லை. அந்தத் தூர தேசத்துக் கம்ப்யூட்டரை மாதந்தோறும் செலவு செய்து நடத்த வேண்டும். ஒரு முறை பணம் கொடுத்துவிட்டு என்றென்றைக்கும் ஊழியம் கேட்பதும் பேராசையே. ஆகையால் இத்தனை வருஷம் மட்டுமே என்று விற்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்த சட்டம் இத்திசையில் ஓரடி வைத்திருக்கிறது. பாதுகாப்புச் சீர்திருத்தங்களை எத்தனை காலம் அனுப்புவோம் என்று உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும். எத்தனை காலம் அனுப்பவேண்டும் என்று சட்டம் விதிக்கவில்லை. சொல்ல வேண்டும் என்பதே விதி.

கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லாதபோதும் தொல்லை வரும். 2025 அக்டோபர் 20-ல் அமெரிக்காவின் வர்ஜினியாவிலுள்ள அமேசானின் கம்ப்யூட்டர் நிலையங்களில் கோளாறு ஏற்பட்டது. அதன் பலனாக, சூட்டையும் சாய்மானத்தையும் இன்டர்நெட் மூலம் நடத்தும் எய்ட் ஸ்லீப் படுக்கைகளில் சில மிதமிஞ்சிச் சூடேறின. சில தலைப்பக்கம் உயர்ந்தபடியே நின்றுவிட்டன. நம் பாட்டனார் கயிற்றுக் கட்டிலில் இப்படி ஒரு நாளும் நேர்ந்ததில்லை! இன்டர்நெட் இல்லாதபோதும் இயங்கும் வழியைப் பிறகுதான் அக்கம்பெனி செய்து கொடுத்தது.

இதுவரை விற்பவனைப் பற்றியே பேசினோம். அது நமக்கும் சுகமான பேச்சு. இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். கூடத்தில் கேமரா வைக்கிறீர்கள். வீடு உங்களுடையது, சரி. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் முகமும் நடையும் உங்களுடையவையா? சம்பளத்தோடு அவற்றையும் வாங்கிவிட்டீர்களா? 2023 மே மாதத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ரிங் என்ற கேமராக் கம்பெனியின்மீது ஒரு குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. அதன் ஊழியன் ஒருவன், பெண்களின் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களிலிருந்த கேமராக்களின் பதிவுகளை மாதக்கணக்காகப் பார்த்துவந்தான் என்பது அதில் ஒன்று. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 58 லட்சம் டாலர் செலுத்தச் சம்மதித்தது. தங்கள் காவலுக்கென்று அப்பெண்களே வாங்கி வைத்த கேமராக்கள் அவை.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியே இருக்கும் முதியவர்களுக்கு அது துணையாகலாம். ஆனால் கடையில் நிற்கும்போது, "இன்டர்நெட் இல்லாவிட்டால் இது இயங்குமா? எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம்?" என்று கேட்க வாய் வருகிற நமக்கு, வீட்டில், "அம்மா, இங்கே கேமரா இருக்கிறது, உனக்குச் சம்மதமா?" என்று வேலைக்காரப் பெண்ணிடம் கேட்க ஏன் வாய் வருவதில்லை? உங்கள் வீட்டில் யாராவது அவளிடம் கேட்டதுண்டா?