தோற்றவர் வீட்டு வாசல்

விளையாட்டைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்து என் பக்கம் வந்தால், அதற்கு மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கி நின்றவன் நான். அப்படிப்பட்ட என்னை ஒரு பந்தாட்டம் எழுப்பிய கேள்வி இன்றுவரை விடவில்லை.

2019 மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை. விருதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அக்காள் மகன் கோயமுத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினான். தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவன் அவன். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசும் சரவெடியும் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று சொல்லிவிட்டது. நவம்பரில் ஆலைகள் கதவைச் சாத்தின. அது முதல் அவனுக்குச் சம்பளம் இல்லை.

"ஆலை பூட்டிக் கிடக்குது. துரைக்குப் பந்து பார்க்கக் கோயமுத்தூர் கேட்குது!" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே காப்பியை ஆற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"ஜெயிச்சுட்டோம் மாமா!" என்றான் அவன்.

அணியின் பெயர் சென்னை சிட்டி. ஆடியதோ கோயமுத்தூர் நேரு விளையாட்டரங்கத்தில். ஐ-லீக் என்னும் தேசியப் பந்தயத்தில் அந்தப் பருவத்தில் 20 ஆட்டம், 13 வெற்றி, 43 புள்ளி. 1920-இல் பிறந்த கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியோடு இரண்டாவதாக நின்றது. மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம். எதிரே முந்திய ஆண்டு பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே எதிரி ஒரு கோல் போட்டுவிட்டான். பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்சி ஒன்று, தற்காப்பில் ஆடும் கௌரவ் போரா இரண்டு. 3-1. ஒரே ஒரு புள்ளியில் பட்டம். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸை அவன் தன் சொந்தத் தாய்மாமனைப் போலப் புகழ்ந்தான். நான் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, கப் வாங்கியாச்சு. அடுத்த படி எது?" என்று கேட்டேன்.

அவன் முகம் வாடியது. அடுத்த படி இல்லையாம். 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பந்தயத்துக்குப் பணமும் விளம்பரமும் தொலைக்காட்சியும் போய்ச் சேர்ந்துவிட்டன. அதில் ஆடும் அணிகள் கட்டணம் கட்டி இடம் பிடித்தவை. கடைசியாக வந்தாலும் இறங்கவேண்டியதில்லை. ஆகவே, இங்கே முதலாவதாக வந்தவனுக்கு அங்கே இடமும் இல்லை.

"ஜெயிச்சவன் ஏற முடியலேன்னா அது என்ன ஏணி மாமா?"

"மேலே நிற்கிறவன் இறங்கமாட்டேன் என்றால் நீ எங்கே ஏறுவது?" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவன் உடனே இங்கிலாந்தைக் காட்டினான். அங்கே முதற்பிரிவில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம். பருவம் முடிந்ததும் கடைசி மூன்று அணிகள் இறங்கியே ஆகவேண்டும். கீழேயிருந்து மூன்று ஏறும். எவ்வளவு பழைய பெயரானாலும் சலுகை கிடையாது. லெஸ்டர் சிட்டி என்ற அணி அப்படித்தான் ஏறி வந்து, 2015-16 பருவத்தில் 81 புள்ளியோடு பெரிய அணிகளையெல்லாம் பின்தள்ளிப் பட்டம் வென்றது.

அந்த லெஸ்டரின் கதை அதோடு முடியவில்லை. 2023 மே 28-ஆம் தேதி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அது வென்றது. வென்றும் விழுந்தது. எவர்டன் அணிக்கு 36 புள்ளி, இதற்கு 34. ஏழே ஆண்டுகளில் சிம்மாசனத்திலிருந்து தரைக்கு! மறு ஆண்டு இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்து ஏறியது. 2025-இல் மறுபடியும் விழுந்தது.

கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். 2016-இல் அவர்கள் சூடிய மகுடம் உண்மையானது என்பதற்கு 2023-இன் வீழ்ச்சிதான் சாட்சி. இழக்க முடியாத இடத்தை ஒருவன் வென்றான் என்று எப்படிச் சொல்வது? அது அவன் வாங்கிய நிலம். வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

மேலே நிற்கிறவன் விழத்தான் வேண்டும் என்று அன்று திண்ணையில் நான் நீதிபதியைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டாள்.

"விழணும், விழணும்கிறியே தம்பி! விழுறவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குமே? நாலு மாசமா இங்கே விழுந்து கிடக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

எனக்குச் சுருக்கென்றது. டில்லிக் குழந்தைகளின் மூச்சு முட்டக்கூடாது என்று கேட்டவர்கள் நியாயத்தைத்தான் கேட்டார்கள். அந்த நியாயத்தை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவள் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளாத, குழாயில் மருந்து அடைத்து அன்றாடம் கூலி எண்ணிய ஒருத்தி. இங்கிலாந்தில் விழும் அணிக்குச் சில ஆண்டுகள் வரை பணம் கொடுத்துத் தாங்குகிறார்கள்; அதற்குப் பாரசூட் பணம் என்றே பெயர். திருத்தங்கல் பக்கத்துக் கூலிக்காரிக்குப் பாரசூட் ஏது?

உள்ளே சாய்வு நாற்காலியில் கிடந்த அப்பா அப்போது பேசினார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல.

"அறுபத்தேழுல நான் அவருக்கு ஓட்டுப் போடலை."

'அவர்' என்றால் விருதுநகரில் ஒருவர்தாம். நாங்கள் மூவரும் திகைத்துப் போனோம். காமராஜர் படத்துக்கு ஆண்டு தவறாமல் மாலை போடுகிற மனிதர் எங்கள் அப்பா.

1954 முதல் ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்து, 1963-இல் தாமாகவே பதவியை விட்டு இறங்கிய காமராஜர், 1967-இல் சொந்த ஊரில் நின்றார். பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். அந்த வாக்குகளில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போனது என்பது ஐம்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அரிசிக்கு வரிசையில நின்ன கோபம். ஓட்டைப் பத்தி இப்பவும் எனக்கு வருத்தம் இல்லை. பெரியவருன்னா தோக்கவே கூடாதா? ஆனா, அதுக்கப்புறம் ஒரு நாள் அவர் ஊருக்கு வந்தார். எதிரே வர்றதைப் பார்த்ததும் நான் சந்துக்குள்ள ஒதுங்கிட்டேன். எழுபத்தஞ்சு அக்டோபர் ரெண்டாம் தேதி, செத்துப்போயிட்டார்னு ரேடியோவில சொன்னாங்க. தோக்கடிச்சது தப்பு இல்லைப்பா. தோத்தவரு வாசலுக்குப் போய் ஒரு தடவை நிக்காததுதான் தப்பு."

நாங்கள் யாரும் பேசவில்லை. நான் அதுவரை பேசியது பாதி நியாயந்தான் என்பது அந்த வார்த்தையில் விளங்கியது. ஏணி இருந்தால் இறக்கமும் இருக்கத்தான் வேண்டும். வீழ்ச்சியை ஒழித்துவிட்ட இடத்தில் ஏற்றமும் ஒழிந்துபோகும். ஆனால் விழுந்தவன் என்ன ஆனான் என்று கேட்பது நம் கடமையில்லை என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

அந்த மாதமே ஆலைகள் திறந்தன. பங்குனிப் பொங்கலுக்கு வந்த மருமகன், பதிவேட்டில் இருந்த பதினொரு பெண்கள் வேலைக்குத் திரும்பவில்லை என்று சொன்னான். ஊர்ப் பெயர் எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. தாத்தா சொன்னது மனத்தில் கிடந்திருக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வீடு பூட்டிக் கிடந்தன, திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா தம்பி?" என்று கேட்டாளாம். திரும்பி வந்து இதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. போய் நின்றால் மட்டும் போதாது என்பதும் அவனுக்கு அன்று விளங்கியிருக்கும்.

பிறகு ஏணியிலும் மாற்றம் வந்தது. 2019-20 முதல் ஐ.எஸ்.எல். பந்தயமே நாட்டின் முதற்பிரிவு ஆயிற்று. ஐ-லீக்கில் வென்று மேலே ஏறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப் அணி. ஆனால் 2024-25 வரை மேலேயிருந்து எவரும் தோற்று இறங்கவில்லை. சென்னை சிட்டியோ 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை.

சென்ற முறை மருமகன் வந்திருந்தபோது, "உன் அணி இப்போது எங்கேடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "நானும் சந்துக்குள்ளதான் ஒதுங்கிட்டேன் மாமா" என்றான்.