நடுகல்லும் அச்செழுத்தும்

இறந்தவரை எதற்காக நினைவுகூர வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்ச் சமய மரபு தரும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று நடுகல்; அதாவது, போரிலோ ஆநிரை மீட்பிலோ வீழ்ந்த வீரனின் பெயரைப் பொறித்து நாட்டி வழிபடும் கல். அதனைக் காண்பது முதல் வாழ்த்துவது வரையிலான ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் நெடிய கற்கம்பமாகவே வழிபடப்படுகிறார். அது வீரக்கல் அன்று எனினும், நட்ட கல்லில் தெய்வம் உறையும் என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்தில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் நடுகல் மரபில் ஒரு குறை உண்டு: அது சாவின் கணத்தைப் போற்றுகிறதேயன்றி வாழ்வின் நீளத்தை அன்று. 1751இல் பெரம்பலூர் வட்டாரத்தில் வாலிகண்டபுரத்தை ஒட்டி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகியோரின் படைகள் மோதின; அத்தகைய போரில் மடிந்தவனுக்குக் கல் நட மரபு உண்டு, உயிர் தப்பி ஊர் திரும்பி ஏதோ ஒரு தொழில் செய்து மூத்து இறந்தவனுக்குப் பொதுவாக இல்லை.

விடுதலைப் போராட்ட வீரரும் நாளிதழ்த் தொழிலாளியுமாக வாழ்ந்த ம.பொ.சிவஞானத்தை (1906–1995) முன்வைத்தால் இச்சிக்கல் தெளிவாகும். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்ட அவர், வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ நாளிதழில் பல ஆண்டுகள் அச்சுக்கோப்பவராக வேலை செய்தார். 1942 போராட்டத்தில் அமராவதிச் சிறைக்குச் சென்று, அங்கே பற்றிய வயிற்று நோயோடு எஞ்சிய அரை நூற்றாண்டையும் கழித்தார். கண்ணகிக்குக் கல் நட்ட கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில் அவர் ஆழ்ந்ததும் சிறையில்தான். சிறைவாசம் எல்லா நினைவுரைகளிலும் இடம்பெறுகிறது. அச்சுக்கூடமோ வறுமைக்குச் சான்றாக ஒரு வரியில் கடந்து போகிறது.

அந்த ஒரு வரிக்குள் இருந்த வேலை எளிதன்று. அறை அறையாகப் பிரிந்த எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடக்கையில் பிடித்த ‘ஸ்டிக்’ என்னும் கோப்புச் சட்டத்தில் இடவலம் மாறிய வரிகளாக அடுக்கி, அச்சானதும் மையைக் கழுவி, மறுநாள் செய்திக்காக அவற்றை அந்தந்த அறையிலேயே பிரித்துப் போட வேண்டும். அப்பெட்டியில் நெடில் ஏகார ஓகாரங்களுக்கென இருந்த இரட்டைச் சுழிக் கொம்பு, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் வகுத்த வேறுபாடு. ‘ஏ’ என்று படிக்கும் எவரும் அவரை நினைப்பதில்லை. அவர் செய்த வேலை மட்டும் நிற்கிறது.

சைவ சித்தாந்தம் இங்கே துணை செய்கிறது. இவ்வுடம்பில் நுகர்ந்து தீர்க்க வேண்டிய பழவினையை அது பிராரத்தம் என்கிறது. நுகரும்போதே புதிதாகச் செய்யும் வினையை ஆகாமியம் என்கிறது. நீண்ட ஆயுள் பிராரத்தத்தின் பாற்பட்டது என்பதால் அதுவே பெருமையாகாது. ம.பொ.சி. 89 வயது வரை வாழ்ந்தார் என்பது புகழுரை ஆகாது. அந்த ஆண்டுகளில் நாள்தோறும் கை செய்த வினையே நினைவுக்குரியது. அவ்வினை பிறவிக்கு வித்தாவதால் அறுக்கப்பட வேண்டியது என்று சித்தாந்தி மறுக்கலாம். ஆனால் அம்மறுப்பு செய்தவரின் உயிரைப் பற்றியது, எஞ்சியிருப்போரின் கடனைப் பற்றியது அன்று.

வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மரணமிலாப் பெருவாழ்வு, அதாவது சாவை வென்ற நிலை, மனிதருக்குக் கூடும் என்று கொண்ட அவர், கருமாதி, திதி முதலிய சடங்குகளை வேண்டாமென்று விலக்கி, பசித்தோர்க்குச் சோறிடுவதையே வழிபாடாக்கி, 1867இல் வடலூரில் தருமசாலையை நிறுவினார். சடங்கைத் துறந்த பின்னும் எஞ்சும் நினைவு செயலில்தான் இருக்க முடியும் என்பது அவர் நெறியிலிருந்து பெறப்படும் முடிவு. அவர் அவ்வாறே கூறினார் என்று கொள்ளவேண்டியதில்லை.

ம.பொ.சி.க்கு 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றுத் தந்த ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ அந்த வள்ளலாரைப் பற்றிய நூலே. அதை எழுதிய கை முன்பு ஈய எழுத்தைக் கோத்த கை என்பதால், அவரைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் ‘அச்சுக்கோப்பவர்’ என்பது ‘சிறை சென்றவர்’ என்பதற்கு முன்னால் வருவதே முறை.