நிறுத்து என்று சொல்ல யாருக்கு உரிமை?

மெட்டாலிக்கா இசைக்குழு 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ‘எம்72’ உலகச் சுற்றுப்பயணத்தைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான நகரங்களில் இரண்டு இரவுகள். முதல் இரவில் வாசித்த பாட்டு இரண்டாம் இரவில் வராது. அரங்கத்தின் நடுவில் வளையம் போல மேடை, அந்த வளையத்துக்குள்ளேயும் ரசிகர்கள், சுற்றிலும் உயரமான கோபுரங்கள். இதையெல்லாம் சுமந்து போக 80-க்கும் மேற்பட்ட லோரிகள். இரும்புச் சட்டகம் மட்டும் இரண்டு செட் வைத்திருக்கிறார்கள். ஒன்று இந்த ஊரில் நிற்கும்போதே இன்னொன்று அடுத்த ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும். மெக்கானிக்கல் படிக்கிற எனக்குப் பாட்டைவிட இந்த லோரிக் கணக்குதான் முதலில் பிடித்துப் போனது!

ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்கப் பார்க்க வேறு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போது, உள்ளே இருக்கிற ஒரு மனிதன் “இன்னைக்கு என்னால முடியல” என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது வாக்குத் தவறுவதா?

“ஷோ மஸ்ட் கோ ஆன்” என்ற வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம். கலை இரவு நடத்தும் மாணவர் மன்றம் முதல் கல்யாண வீட்டு சவுண்ட் சிஸ்டம்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்போது ஏதோ ஒரு தர்மம் மாதிரி ஒலிக்கும். டிக்கெட் விற்பது ஒரு வாக்கு கொடுப்பதுதான். வாக்கு கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். இதுவரை எனக்கு மறுப்பு இல்லை. வாக்கு யாருடையது, அதிலிருந்து நம்மை விடுவிக்க யாரால் முடியும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பீஷ்மரை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியவதியின் தந்தை கேட்டதற்காக அரியணையும் வேண்டாம், திருமணமும் வேண்டாம் என்று சபதம் செய்தார். பிற்பாடு சத்தியவதியின் இரண்டு மகன்களும் வாரிசு இல்லாமல் இறந்துபோனார்கள். அப்போது அந்தச் சத்தியவதியே பீஷ்மரிடம் வந்து, நாட்டை ஏற்றுக்கொள், மணம் செய்துகொள் என்று கேட்கிறாள். யாருக்காகச் சபதமோ, அவளே விடுவிக்கிறாள். பீஷ்மர் மறுத்துவிடுகிறார். சின்ன வயதில் இந்த இடம் எனக்குப் புல்லரிக்கும். இப்போது படித்தால், அவர் யாருக்குக் கொடுத்த வாக்கை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டவளே வேண்டாம் என்ற பிறகு மீதி இருப்பது சபதம் மட்டும்தானே?

மெட்டாலிக்காவின் நாற்பது வருடப் பயணங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

1986 செப்டம்பர் 27, அதிகாலை. ஸ்டாக்ஹோம் நிகழ்ச்சி முடிந்து கோபன்ஹேகன் நோக்கிப் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய பஸ், சுவீடன் நெடுஞ்சாலையில் சறுக்கிக் கவிழ்ந்தது. பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் அந்த இடத்திலேயே இறந்தார். வயது 24. இரண்டு மாதம் முடிவதற்குள் மற்ற மூவரும் ஜேசன் நியூஸ்டட் என்ற புதியவரோடு ஜப்பான் மேடைகளில் நின்றார்கள். ரசிகர்கள் இதை வீரமாகச் சொல்வார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூஸ்டட்டைப் பழையவர்கள் வருடக்கணக்கில் சீண்டினார்கள். 1988-இல் வந்த ஆல்பத்தில் அவருடைய பேஸ் கிட்டார் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அழுது முடிக்காத துக்கம் அவர் மேல் கோபமாக இறங்கியதைக் குழுவினரே பின்னாளில் பேசியிருக்கிறார்கள். 2001-இல் நியூஸ்டட் விலகினார். அதே வருடம் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்கு மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனார். எல்லாவற்றையும் அந்த ஒரு பஸ் விபத்தோடு முடிச்சுப் போட நான் மனநல மருத்துவன் இல்லை. ஆனால் நிறுத்தாமல் ஓடியதற்கும் ஒரு விலை இருந்தது. அதில் பெரும்பங்கைக் கட்டியது அந்த வாக்கைக் கொடுக்கும்போது அங்கே இல்லாத ஓர் ஆள்.

1992 ஆகஸ்ட் 8, மொன்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவோடு சேர்ந்து நடத்திய பயணம் அது. பாட்டின் நடுவே மேடையில் வெடித்த தீப்பிழம்பில் ஹெட்ஃபீல்ட் மாட்டிக்கொண்டார். கையில் கடுமையான தீக்காயம். நிகழ்ச்சி நின்றது. அடுத்து வர வேண்டிய கன்ஸ் அண்ட் ரோசஸ் வெகுநேரம் கழித்து வந்து, குரல் சரியில்லை என்று பாதியில் இறங்கிப் போனார்கள். அப்போதுதான் கலவரம் வெடித்தது. அதே கூட்டம், அதே இரவு. இரண்டு முறை நிகழ்ச்சி நின்றது, ஒரு முறைதான் கலவரம். முதல் முறை காரணம் கண்ணெதிரே எரிந்தது. இரண்டாம் முறை காத்திருந்தவர்களை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. (17 நாள் கழித்து ஹெட்ஃபீல்ட் கட்டுப் போட்ட கையோடு வந்து பாட மட்டும் செய்தார். கிட்டாரை இன்னொருவர் வாசித்தார். இது வீம்பா வீரமா என்று நண்பர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.)

இந்தியாவிலும் ஒன்று நடந்தது. 2011 அக்டோபர் 28, டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் மெட்டாலிக்கா வாசிக்க வேண்டிய நாள். மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு வேலி தாங்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்தார்கள். பல ஊர்களிலிருந்து வந்து மணிக்கணக்கில் நின்றவர்கள் மேடையேறி உடைத்தார்கள். ஏற்பாட்டாளர்கள் சிலரைப் போலீஸ் பிடித்துப் போனது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. ஒரு வேலி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குப் போடப் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே நிறுத்தியதுதான் சரி. முன்வரிசையில் நசுங்கப் போகிறவன் வாங்கிய டிக்கெட்டும் டிக்கெட்தான். ஆனால் கூட்டத்தின் கோபத்தையும் முட்டாள்தனம் என்று தள்ள மாட்டேன். வாக்கிலிருந்து விடுபட வேண்டுமானால் வாக்கு வாங்கியவனிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். நேரத்தோடு, நேராக.

அப்படிக் கேட்டது 2019-இல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் தொடங்க சில வாரங்களே இருந்தன. மெட்டாலிக்கா ஆஸ்திரேலியாவில் கடைசியாக வாசித்தது 2013-இல். டிக்கெட்டுகள் விற்றாகிவிட்டது. செப்டம்பர் இறுதியில் மற்ற மூவரும் ஓர் அறிக்கை விட்டார்கள்: ஜேம்ஸ் மறுபடியும் சிகிச்சைக்குப் போயிருக்கிறார், பயணத்தைத் தள்ளிவைக்கிறோம், பணம் முழுதும் திருப்பித் தரப்படும், மன்னியுங்கள். வயிற்றுவலி, தொண்டைக்கட்டு என்று மழுப்பவில்லை. ரசிகர்கள் திட்டித் தீர்ப்பார்கள் என்று எதிர்பார்த்தால், வந்து குவிந்த பதில்களில் பெரும்பாலும் “குணமாகி வா” என்பதுதான். சத்தியவதி விடுவித்தாள், இந்தத் தடவை ஆள் ஏற்றுக்கொண்டார். பிறகு கோவிட் வந்து எல்லாம் கெட்டது. கடைசியில் 2025 நவம்பரில்தான் எம்72 ஆஸ்திரேலியாவில் இறங்கியது.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த படி. ஹெட்ஃபீல்டால் நிறுத்த முடிந்தது, ஏனென்றால் அவர் ஹெட்ஃபீல்ட். அவர் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. பணத்தைத் திருப்பித் தரும் வசதியும் இருக்கிறது. அந்த 80-க்கும் மேற்பட்ட லோரிகளில் ஒன்றை ஓட்டுகிறவர், தூக்கம் சொக்குகிறது என்று வண்டியை ஓரங்கட்டினால்? கூரைக்குப் பக்கத்தில் தொங்கி விளக்கு மாட்டுகிறவர், இந்தக் கொக்கி எனக்குச் சரியாகப் படவில்லை என்றால்? தினக்கூலிக்கு மேடை கட்ட வருகிறவருக்குப் பல இடங்களில் நிகழ்ச்சி இல்லையென்றால் சம்பளமும் இல்லை. 2020-இல் உலகம் முழுக்க மேடைகள் இருண்டபோது முதலில் அடுப்பு அணைந்தது அவர்கள் வீட்டில்தான். அதனால் “நிறுத்து” என்பது ஒரு சிலருக்கு உரிமை, மற்றவர்களுக்கு வேலை போகிற வார்த்தை. மேலே இருப்பவர் மனம் உடைந்தால் அறிக்கை வருகிறது. கீழே இருப்பவருக்கு முதுகு உடைந்தால் மாற்று ஆள் வருகிறார்.

எங்கள் பொறியியல் பட்டறையில் ஒவ்வொரு கடைசல் இயந்திரத்திலும் காளான் மாதிரி ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். ஆபத்து என்று தோன்றினால் யாரும் அடிக்கலாம். முதலாம் ஆண்டு மாணவனும் அடிக்கலாம், துடைக்க வந்த அக்காவும் அடிக்கலாம். முதலில் லெக்சரரைத் தேடிப் போய் அனுமதி வாங்கிக்கொண்டிருந்தால் அதற்குள் விரல் போயிருக்கும். நியாயத்தைப் பற்றி நான் படித்த எந்தப் பாடத்தைவிடவும் இந்தக் குமிழ் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

ஆனால் அதே பட்டறையில் படிக்கிறவர்கள் மாணவர் மன்றத்துக்குப் போனதும் குமிழை மறந்துவிடுகிறார்கள். ஒரு கலை இரவில் நான் சவுண்ட் மேசையில் இருந்தேன். மழை பெய்து நனைந்த சாரக்கட்டில் ஏறி விளக்கைத் திருப்பச் சொல்லி முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். “பலகை ஆடுதுண்ணே” என்றிருக்கிறான். “ஷோ மஸ்ட் கோ ஆன், தம்பி” என்று பதில் வந்திருக்கிறது. ஏறினான், திருப்பினான், இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள்தான் என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே. ஒன்றும் ஆகாததால் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த விளக்கு இரண்டு நிமிடம் தாமதமாகத் திரும்பியிருந்தால் முன்வரிசையில் இருந்த அம்மா அப்பாக்கள் எழுந்து போயிருப்பார்களா? யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லித்தான் அவனை ஏற்றினார்கள்.

இந்த வருடச் செயலவைக் கூட்டத்தில் ஒரு விதி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: மேடை வேலையில் இருக்கிற எவர் “நிறுத்து” என்றாலும் வேலை நிற்கும், காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம், நிறுத்தியவரைக் குறை சொல்லக் கூடாது. அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சும்மா சும்மா நிறுத்துவார்கள் என்றார் ஒருவர். பட்டறையில் மூன்று வருடத்தில் அந்தக் குமிழை யாராவது சும்மா அடித்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பேச்சு இல்லை. பிறகு பொருளாளர் வாயைத் திறந்தார்: “சரி, அதனால நிகழ்ச்சியே நின்னுட்டா ஹால் டெபாசிட் யார் கட்டுறது?” நியாயமான கேள்விதான். அடுத்த வாரக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் பேசப் போகிறோம்.