சிறு பூவும் பெரிய படமும்

கீழாநெல்லியை அறியாத தமிழர் நம்மிடையே குறைவு. மஞ்சட்காமாலை என்றதும் அதன் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் அதன் பூவைக் கண்டவர் எத்தனை பேர்? இலைகளுக்கடியில், கடுகளவில் அது பூக்கிறது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே செடியில். மருந்தைத் தேடிய நம் கண்ணுக்குப் பூ தேவைப்படவில்லை. தொட்டாற்சுருங்கியின் கதையும் இதுவே. தமிழில் இலை சுருங்குவதைப் பெயராக்கினோம். மலாயில் அதன் வெட்கத்தைப் பெயராக்கி ‘செமாலு’ என்றார்கள். இளஞ்சிவப்புப் பந்து போன்ற பூவைப் பற்றி இரு மொழியின் பெயரிலும் பேச்சில்லை.

மலாயா 1960இல் செம்பருத்தியைத் தேசிய மலராக்கியது. சிங்கப்பூர் 1981இல் வாண்டா மிஸ் ஜோக்கிமைத் தேர்ந்தது. தக்க மலர்களே. எனினும் அடுக்குமாடி வீடுகளின் கீழே உள்ள புல்தரையில் பூப்பவை வேறு.

இந்நாளில் சிலர் கைத்தொலைபேசியுடன் அங்கே மண்டியிட்டு, அப்பூக்களைப் படமெடுக்கிறார்கள். வரவேற்கத்தக்க பழக்கம். மூக்குத்திப் பூண்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு பூ என்று நினைத்தது ஒரு கூட்டம் என்று தெரியும்: நடுவில் மஞ்சள் நிறக் குழற்பூக்கள் பல, விளிம்பில் சுமார் ஐந்து வெளிர் பூக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள். இச்செடி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. (நாமும் கடல் கடந்து வந்தவர்கள்தாமே!) வந்த செடிக்கு ‘மூக்குத்தி’ என்று பெயரிட்ட தமிழர் யாரோ, படக்கருவி இல்லாமலே குனிந்து பார்த்திருக்கிறார்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. விரல் நகத்தளவுப் பூவைத் தட்டளவு ஆக்கி, “ஆகா, என்ன அழகு!” என்கிறோமே, நாம் மதித்தது சிறுமையையா, மறுபடியும் பெருமையைத்தானா? பெரிதானால்தான் மதிப்பு என்ற பழைய கணக்கு அந்தப் படத்துக்குள்ளும் புகுந்துவிடவில்லையா?

பெரிதாக்காமல் மூன்று பற்களை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். நியாயம். அறிவதற்காகப் பெரிதாக்கலாம். ஆனால் பெரிதாகக் காத்திருக்கும் பொருளன்று அப்பூ. அதை நாடி வரும் சிறு பூச்சிக்கு அது சரியான அளவுதான். ஆதலால் நாம் சொல்வது இவ்வளவே: பெரிதாக்கிய படத்தோடு, பூவின் அருகில் ஒரு பத்துக் காசை வைத்து இன்னொரு படமும் எடுங்கள். இரண்டையும் சேர்த்தே பிறருக்குக் காட்டுங்கள்.

புல்வெட்டும் இயந்திரம் வருமுன் எடுப்பது நல்லது. வந்து போனாலும் கவலையில்லை. தரையோடு படர்ந்த தண்டிலிருந்து மூக்குத்திப் பூண்டு மீண்டும் காம்பை நீட்டும்.