காணாத கைகளில் நம்பிக்கை

கோலார் தங்கவயலின் சுரங்க வாயிலில், 'கேஜ்' எனப்படும் இரும்புக் கூண்டுக்குள் ஏறி நின்ற தொழிலாளி, தன்னைக் கீழே இறக்கப்போகும் மனிதரைக் காண்பதில்லை. அவர் சற்றுத் தொலைவில், எந்திரக் கூடத்தில் அமர்ந்திருப்பார். கூண்டுக்குள் நிற்பவர்களின் முகங்களை அவரும் காண்பதில்லை. இருவரையும் இணைத்தவை ஓர் எஃகுக் கயிறும் ஒரு மணியோசையுமே. அந்த ஓசையை நம்பித்தான் மூன்று, நான்கு தலைமுறையினர் நாள்தோறும் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி மீண்டனர்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் மக்களின் உழைப்பால் வளர்ந்தது தங்கவயல். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று நாற்பது வயதில் வேலையிழந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

அத்தகைய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு மூச்சு வாங்குகிறது. பேரன் கைபேசியை நீட்டி, "தாத்தா, டாக்டர் பேசுகிறார், உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறான். முதியவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தொட்டு நாடி பாராத வைத்தியம் என்ன வைத்தியம் என்பது அவர் கேள்வி. வீட்டார் அதைப் பிடிவாதம் என்கின்றனர். வயதின் அறியாமை என்கின்றனர். காணாத ஒருவர் கையில் தம் உயிரையே ஒப்படைத்து வாழ்ந்த மனிதர், காணாத மருத்துவரிடம் ஒரு சொல் பேச ஏன் தயங்குகிறார்? அது அறியாமைதானா, அல்லது அதனுள் ஏதேனும் அறிவு மறைந்திருக்கிறதா?

தொலைவு புதிதன்று

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே கருவி வந்தது இன்று நேற்றன்று. நோயாளியின் மார்பில் நேரே செவியை வைத்துக் கேட்டுவந்த வழக்கத்தை மாற்றி, 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே இதயத்தின் ஒலியைக் கேட்டார். அன்று இடையே புகுந்த அக்குழலே இன்று மருத்துவரின் அடையாளமாகிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வகத்திற்குக் கொண்டுவந்து பதிவு செய்தார் ஐன்தோவன்.

இந்தியாவிலும் இது இருபத்தைந்து ஆண்டு வரலாறு உடையது. கோலாருக்கு அண்டை மாவட்டமான சித்தூரில், அரகொண்டா என்ற சிற்றூர் 2000ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவத்தால் நகரத்து வல்லுநர்களுடன் இணைக்கப்பட்டது. 2019 நவம்பரில் மைய அரசின் 'இ-சஞ்சீவனி' தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் பேசும் வசதி அதில் சேர்ந்தது. அதற்குச் சற்றுமுன், 2020 மார்ச்சில், தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளையும் அரசு வெளியிட்டது. ஆக, கருவி ஆயத்தமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய மனம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

தங்கவயலின் தேவை

இவ்வசதி தங்கவயலைப் போல் தேவைப்படும் ஊர்கள் சிலவே. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து, அதைத் தழும்பேறச் செய்வது சிலிக்கோசிஸ் என்னும் நோய். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் ஆராய்ந்து அறியப்பட்ட இடங்களுள் கோலார் சுரங்கங்கள் குறிப்பிடத்தக்கவை. தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. வேலையை விட்டபின்னரும் நோய் வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது மிகுவிக்கும். இத்தகைய நோயாளிக்குப் பேருந்தில் ஏறிப் பெருமருத்துவமனைக்குச் செல்வதே ஒரு தண்டனை. ஒருகாலத்தில் பெயர்பெற்றிருந்த சுரங்க நிறுவன மருத்துவமனையும் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பாழடைந்து கிடந்தது. 2021இல் கோவிட் இரண்டாம் அலை வீசியபோது தன்னார்வலர்கள் அதைத் தூய்மை செய்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர்.

இன்னொரு நிலையும் உண்டு. தங்கவயலின் இளைஞர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வீட்டில் நல்ல கைபேசி ஒன்றே இருந்தால், அது மகனின் சட்டைப்பையில் பெங்களூருக்குச் சென்றுவிடும். பகல் முழுவதும் முதியவர் தனியே. அவர் மறுக்கிறார் என்று சொல்வதற்கு முன், மறுப்பதற்கேனும் அவர் கையில் அக்கருவி இருந்ததா என்று கேட்பது நியாயம்.

நம்பத்தக்கவர் யார்?

கண்ணால் கண்டு அறிவது, அனுமானித்து அறிவது ஆகியவற்றோடு, நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்டு அறிவதையும் அறிவுக்குரிய வாயில்களுள் ஒன்றாக நியாய தரிசனம் ஏற்கிறது. அவ்வாறு நம்பத்தக்கவரை அது ஆப்தர் என்று அழைக்கிறது. ஆப்தர் என்பதற்கு அருகில் இருப்பவர் என்று பொருளில்லை. உறவினர் என்றும் பொருளில்லை. பொருளை உள்ளபடி அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவர் எவரோ அவரே ஆப்தர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் பொருந்தும், அந்நியருக்கும் பொருந்தும் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தெளிவாகக் கூறுகிறார். எனவே, மருத்துவர் தொலைவில் இருக்கிறார் என்பது மட்டுமே அவர் சொல்லைத் தள்ளப் போதிய காரணமாகாது.

ஆனால் அதே இலக்கணம் மறுபுறமும் வெட்டும். மருத்துவர் உள்ளபடி அறிய வேண்டுமானால், அவரிடம் சென்று சேரும் செய்தி உண்மையாக இருக்க வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். கருநிறத் தோலுடையோரிடம் அது சில வேளைகளில் உண்மை நிலையைவிட உயர்ந்த அளவைக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று சுட்டியது. விரல் குளிர்ந்திருந்தாலும் அளவு பிறழும். சளியைச் சோதிப்பதையும் எக்ஸ்ரே எடுப்பதையும் கைபேசியால் செய்ய இயலாது. 'கருவி என்னை முழுதும் அறியாது' என்று முதியவர் ஐயுற்றால், அந்த ஐயத்தில் உண்மையின் கூறு இருக்கிறது.

மணியோசை சொல்வது

சுரங்கத் தொழிலாளி மணியை நம்பியது கண்மூடித்தனமாக அன்று. ஆட்கள் ஏறும்போது இன்ன ஒலி, நிறுத்துவதற்கு இன்ன ஒலி என்று இரு தரப்பாரும் அறிந்த குறிமொழி இருந்தது. கயிறு முறையாகச் சோதிக்கப்பட்டது. எந்திரத்தை இயக்குபவர் தம் பணிக்குப் பொறுப்பேற்றவர். தவறினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். பொதுமொழி, சோதிக்கப்பட்ட கருவி, பதில் சொல்லும் மனிதர் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் காணாத கையும் நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

அதே மனிதர் வேறொன்றையும் நம்பினார். தாம் சுவாசித்த காற்றை. அதில் கலந்திருந்த தூசி கண்ணுக்குத் தெரியவில்லை; அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கயிறு காப்பாற்றியது; காற்று கைவிட்டது. மேலிருப்பவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் உடனே ஏற்கக்கூடாது என்பதை நூல்கள் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவருடைய நுரையீரலே கற்பித்தது. அவருடைய தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது, அந்த அனுபவத்தை இரண்டாம் முறை அவமதிப்பதாகும்.

ஆகவே அவர் கேட்காமல் கேட்பவை இவை: பேசுபவர் யார்? என் மொழியில் பேசுவாரா? அடுத்த முறையும் அவரே பேசுவாரா? மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்வது? தமிழ் பேசும் முதியவருக்கு ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தி இவற்றுக்கு விடையாகாது.

நான்காம் உறுப்பு

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். சரகரும் இவ்வாறே நான்கைக் கூறி, உதவுபவரிடம் பணித்திறமும் தூய்மையும் மட்டுமின்றி நோயாளியிடம் அன்பும் இருக்க வேண்டும் என்கிறார். புதிய தொழில்நுட்பம் மருத்துவரைத் தொலைவில் அமர்த்தியிருக்கிறது. அதனாலேயே நான்காம் உறுப்பு முன்னைவிட நெருங்கி வர வேண்டியதாகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், தங்கவயலுக்கு அடுத்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊழியர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தத்தை அளக்கிறார். அங்கே கருவியோடு ஒரு கையும் வருகிறது. முதியவர் ஏற்பது முதலில் அந்தக் கையை, பிறகே கருவியை.

ஆனால் உதவுபவர் நோயாளியின் இடத்தைப் பறித்துக்கொள்ளவும் கூடாது. தந்தை அருகிலேயே அமர்ந்திருக்க, "அவருக்கு இருமல், அவருக்குத் தூக்கமில்லை" என்று மகனே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது அன்பினால்தான். எனினும் அதில் தந்தை பொருளாகி விடுகிறார். நோயாளி தாமே அழைத்தால் அவர் இசைவு அதிலேயே அடங்கும். உதவுபவரோ மருத்துவரோ அழைத்தால் நோயாளியின் வெளிப்படையான இசைவு வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள். சட்டம் இசைவு என்பதை அறம் மரியாதை என்கிறது.

முதியவரின் கடமை

இவ்வளவு சொன்னபின், எல்லா மறுப்பும் விவேகமே என்று முடிவு செய்வதும் தவறு. சில மறுப்புகள் அச்சத்தில் பிறப்பவை. தவறான பொத்தானை அழுத்திப் பேரப்பிள்ளைகள் முன் நகைப்புக்கு இடமாகிவிடுவோமோ என்ற கூச்சத்தில் பிறப்பவை. 'இனி நான் இருந்து என்ன, பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை' என்று சொல்பவர்களும் உண்டு. அது துறவைப் போல் தோன்றும், துறவு அன்று. உடல்மீது பற்று வேண்டாம் என்பது வேறு, உடலைப் புறக்கணிப்பது வேறு. மூச்சுத் திணறலை மறைத்து வைத்து, ஒருநாள் இரவில் அனைவரையும் ஓடவைப்பது யாருக்கும் தொல்லையைக் குறைப்பதில்லை.

நல்ல நோயாளிக்கு உரிய குணங்களாகச் சரகர் நினைவாற்றலையும் சொன்னபடி நடப்பதையும் கூறுவதோடு, அஞ்சாமையையும் தன் நோயைத் தானே எடுத்துரைக்கும் திறனையும் சேர்க்கிறார். முதியவர் ஆற்ற வேண்டிய பங்கு இதுவே: அஞ்சாமல் கேள்வி கேட்பது, தம் உடலைத் தாமே சொல்வது, விடை மனநிறைவு தந்தால் ஏற்பது, தராவிட்டால் நேரில் காண வேண்டும் என்று உறுதியாகக் கோருவது. நேரில் காணாமல் முடிவு செய்ய இயலாதபோது நோயாளியை நேரில் வரச் சொல்வது மருத்துவரின் கடமை என்று நெறிமுறைகளும் கூறுகின்றன.

தாத்தா கைபேசியைத் தள்ளிவிடும்போது, பேரன் செய்ய வேண்டியது அதை மீண்டும் அவர் கையில் திணிப்பது அன்று. அருகில் அமர்ந்து, பேசப்போகிறவர் யார், எந்த ஊரிலிருந்து பேசுகிறார், மறுபடியும் எப்போது பேசுவார் என்று பொறுமையாகச் சொல்வது. அதற்குக் கால்மணி நேரம் ஆகலாம். காலை ரயிலைப் பிடிக்க ஓடும் வாழ்க்கையில் அக்கால்மணி நேரம் பெரிதுதான். எனினும், தங்கள் மூச்சைக் கொடுத்து அந்த ஊரையும் அந்தக் குடும்பங்களையும் உருவாக்கியவர்களுக்குத் திருப்பித் தரக்கூடியவற்றுள் அது மிகச் சிறியது.