பகலில் வென்றவர் இரவில் தோற்பதேன்?

ரமளான் மாதத்து மாலைப் பொழுதில் மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள நீடூர், வடகரை, அரங்கக்குடி போன்ற ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். மஃரிபு பாங்கு ஒலிக்கிறது. பேரீச்சம்பழத்தைச் சுவைத்து, ஒரு மிடறு தண்ணீர் அருந்தி, நோன்புக் கஞ்சியையும் பருகி மக்கள் தொழுகைக்கு எழுகின்றனர். தொழுகை முடிந்ததும் சிலர் மட்டும் விரைந்து வெளியேறித் தெருமுனைப் பெட்டிக்கடையின் மறைவில் நின்று தீக்குச்சியை உரசுகின்றனர். ஏறத்தாழ 13 மணி நேரம் பசியையும் தாகத்தையும் புகையின் வேட்கையையும் ஒருசேர அடக்கி வைத்தவர்கள் இவர்கள். "விட வேண்டும் என்றுதான் பார்க்கிறேன், முடியவில்லையே" என்று மற்ற மாதங்களில் சொல்கிறவர்களும் இவர்களே.

13 மணி நேரம் முடிந்தது ஒருவருக்கு எப்படி முடியாததாகும்? பிறரைப் பழிப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டிக்கடை மறைவில் நானும் நின்றவன்.

இக்கேள்விக்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. புகைப்பவன் மனவலிமை அற்றவன் என்பது ஒன்று. அது நோய், அவன் என்ன செய்வான் என்பது மற்றொன்று. முதல் விடையில் இரக்கம் இல்லை. இரண்டாம் விடையில் நம்பிக்கை இல்லை. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டி, அதனைத் தனக்குப் பழக்கிவிடுகிறது என்பது உண்மையே. விட்டவருக்கு எரிச்சலும் உறக்கமின்மையும் ஏற்படுவது நடிப்பன்று. ஆயினும் அதே மனிதர் நோன்பு நாளில் அந்த வேதனையைத் தாங்குகிறார் என்பதும் உண்மையன்றோ?

நோன்பு நாளில் நடப்பது என்ன என்பதை உற்று நோக்க வேண்டும். மற்ற நாட்களில் புகைப்பவர் மணிக்கொரு முறை தம் நஃப்ஸோடு வழக்காடுகிறார். "இப்போது ஒன்று போதும், நாளை முதல் இல்லை" என்று பேரம் பேசுகிறார், பேரத்தில் தோற்கிறார். நோன்பாளியோ ஸஹரில் நிய்யத்து வைத்த அக்கணமே வழக்கை முடித்துவிடுகிறார். அதன் பிறகு ஆசை வந்தாலும் அதனோடு பேச அவருக்கு ஒன்றும் இல்லை. பேரத்துக்கு இடமில்லாமல் செய்வதே நிய்யத்தின் ஆற்றல்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து முஸ்லிம் நாடுகளுக்கு ஏறத்தாழ ஹிஜ்ரி 1000-ஐ ஒட்டி வந்து சேர்ந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617-இல் அதனைத் தடை செய்தார். துருக்கிய சுல்தான் நான்காம் முராத் 1633-இல் புகைப்போருக்கு மரண தண்டனையே விதித்தார். ஆட்சியின் வாளால் புகையை அணைக்க முடியவில்லை. மக்கள் மறைவில் புகைத்தனர். ஆனால் வாளால் முடியாததை ஈரானில் ஒரு சொல் செய்து காட்டியது. ஷாஹ் நாசிருத்தீன் 1890-இல் அந்நாட்டுப் புகையிலை வாணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். அதனை எதிர்த்து, ஷியா மார்க்க மேதை மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் 1891 டிசம்பரில் ஒரு ஃபத்வா வெளிவந்தது. உடனே நாடெங்கும் ஹுக்காக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. அரசரின் அந்தப்புரப் பெண்களும் புகைக்க மறுத்தனர் என்று வரலாறு கூறுகிறது. 1892 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

ஒரு நாடே ஒரே மூச்சில் புகையை விட்டதென்றால் "முடியாது" என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள்? எனினும் அந்த வரலாறு அங்கேயே முடியவில்லை. ஒப்பந்தம் ரத்தாகித் தடை நீங்கியதும் மக்கள் மீண்டும் புகைக்கத் தொடங்கினர். அவர்கள் விட்டது அந்நியனின் ஆதிக்கத்தை எதிர்ப்பதற்காக. அந்தக் காரணம் தீர்ந்ததும் உறுதியும் தீர்ந்தது.

நம் சபுராளிகளின் வாழ்விலும் இதைக் காணலாம். சிங்கப்பூரில் 1970 முதலே பேருந்திலும் திரையரங்கிலும் புகைக்கத் தடை உண்டு. அங்கே சட்டத்துக்கு அடங்கி நின்ற நம்மவர் பலர், விடுமுறைக்கு ஊர் வந்ததும் திண்ணையில் அமர்ந்து தாராளமாகப் புகைத்தனர். உறவினர்க்கு அயல்நாட்டுச் சிகரெட் பெட்டிகளைப் பரிசாகவும் வழங்கினர். வெளியே போடப்பட்ட வேலி வெளியே மட்டுமே காக்கும்.

ரமளானின் பகலும் பலருக்கு இத்தகைய வேலியாகவே அமைந்துவிடுகிறது. புகையை விட்டவருக்கு முதல் மூன்று நாட்களே மிகக் கடுமையானவை. மூன்று நான்கு வாரங்களில் வேதனையின் பெரும்பகுதி தணிந்துவிடும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ரமளானோ 29 அல்லது 30 நாட்கள்! அப்படியிருந்தும் பெருநாளன்று நாம் ஏன் விடுதலை பெறவில்லை? ஒவ்வோர் இரவும் அந்த வேட்கைக்கு நாமே உணவிட்டு வளர்க்கிறோம். நம் வயற்காட்டு விவசாயி இதை நன்கறிவார். வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு நண்டு வளையை அடைக்காமல் விட்டால் விடிவதற்குள் வயல் வடிந்துவிடும். "இரவில் ஒன்றே ஒன்று" என்பது அந்த நண்டு வளை.

"என் உடல், என் பணம், பிறருக்கு என்ன?" என்று கேட்பாரும் உளர். உடல் நமக்கு உடைமையன்று, அமானிதம் என்று நம்புகிற சமுதாயம் நாம். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளக் கூடாது என்பது திருமறை காட்டும் நெறி. புகையிலை புதிதாக வந்த நாளில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுசி அது ஆகும் என எழுதினார். மக்ரூஹ் என்றோரும் ஹராம் என்றோரும் இருந்தனர். அதன் தீங்கு அன்று நிறுவப்படவில்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த முடிவு 2004-இல் வெளிவந்தது. இடைவிடாது புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். 40 வயதில் விட்டவர்கள் அதில் 9 ஆண்டுகளை மீட்டனர். 60 வயதில் விட்டவர்களும் 3 ஆண்டுகளை மீட்டனர். காலம் கடந்துவிட்டது என்று எவரும் சொல்ல இயலாது.

பிறருக்கு என்ன என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கணவர் மிகுதியாகப் புகைத்த வீடுகளில், ஒருநாளும் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது தெரிய வந்தது. பச்சை வெங்காயம் தின்ற வாயோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று கற்பித்த மார்க்கம், நஞ்சையே வீட்டில் நிரப்புவதை எவ்வாறு ஏற்கும்?

மாயவரம் என்று ஊர் வழங்கிய காலத்தில், என் அத்தா சில்லறையைக் கையில் கொடுத்து என்னைப் பீடி வாங்க அனுப்புவார்கள். அவர்களுக்கு வாங்கப் போன கால்கள்தாம் பின்னாளில் எனக்காகவும் அதே கடைக்குப் போயின. நான் தந்தையான பின் ஒரு ஷஃபான் மாதத்தில் என் சிறு மகனை அவ்வாறே அனுப்பினேன். அவன் திரும்பி வருகையில் சிகரெட்டை இரு விரலிடையே பிடித்து, உதட்டருகே வைத்து, என்னைப் போலவே நடந்து வந்தான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நாக்கு எழவில்லை. அவனுக்கு நான் விட்டுச்செல்லும் சொத்து எதுவென அன்று கண்டேன்.

அவ்வாண்டு ரமளானில் பகலுக்கு வைத்த நிய்யத்தோடு இரவுக்கும் ஓர் உறுதி கொண்டேன். கஞ்சிக்குப் பின் தேநீரைத் தவிர்த்தேன். தேநீரும் சிகரெட்டும் எனக்கு இணைபிரியாதவை. தராவீஹுக்குப் பின் நண்பர் கூட்டத்தில் நிற்காமல் காவிரிக் கரையில் நடந்தேன். வாய்க்குச் சோம்பும் ஏலக்காயும் துணையாயின. மூன்றாம் இரவு மிகக் கொடியது. வீட்டாரிடம் காரணமின்றிச் சினந்தேன். பெருநாளன்று வேட்கை நாய்க்குட்டியளவு சிறுத்திருந்தது. ஷவ்வாலில் ஒரு நிக்காஹ் விருந்தில் தவறி ஒன்றைப் பற்றவைத்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். மறுநாள் மீண்டும் தொடங்கினேன். ஒருமுறை வழுக்கினால் எழுந்து நடப்பதே அறிவு, சேற்றிலேயே அமர்ந்துவிடுவதன்று.

தனியே முடியாதவர் உதவி நாடுவதில் இழிவில்லை. மருத்துவரிடம் அதற்கான மருந்துகள் உண்டு. 1800-112-356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை பெறலாம். பீடி தீங்கற்றது என்றோ, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை புகையன்று என்றோ தம்மை ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

ரமளான் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. பகலில் 13 மணி நேரம் வெல்லும் ஆற்றலை இறைவன் நமக்குத் தந்திருக்கிறான் என்பதை ஆண்டுதோறும் நாமே மெய்ப்பித்து வருகிறோம். அந்த ஆற்றல் சூரியனோடு மறைவதில்லை. நிய்யத்தை நாம்தான் மஃரிபோடு முடித்துக்கொள்கிறோம். இன்றிரவு அதை முடிக்காமல் நீட்டிப் பார்ப்போம். நம் பிள்ளைகளின் கால்கள் அந்தக் கடைக்குப் போகும் வழியை அறியாமலே வளரட்டும்.