தேவதூதனுக்கு எத்தனை ரிகர்சல்?

டிசம்பர் பிறந்துவிட்டால் தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் சண்டே கிளாஸ் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ரிகர்சல் தொடங்கிவிடும். தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள், ஜிகினாத்தாள் கிரீடம் வைத்த சாஸ்திரிகள், தெர்மோகோல் சிறகோடு தேவதூதர்கள். எங்கே நிற்பது, எப்போது நடப்பது என்று சொல்லிக்கொடுப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அடுத்த கட்டம்தான் சிக்கல். முன்னணையைப் பார்க்கும்போது முகத்தில் பக்தி தெரிய வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லி, அது தெரியும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறோம். எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது பார்வைக்கு நிர்வாகக் கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொன்று இருக்கிறது: உள்ளே இல்லாததை வெளியே காட்டப் பழக்கினால் அது நாளடைவில் உள்ளேயும் வருமா, காட்டுவதோடு நின்றுவிடுமா? கதை விளங்கவும் பயம் தெளியவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு பயிற்சி போதும், உணர்ச்சிக்குப் பயிற்சி கொடுப்பது தவறு என்பது என் கட்சி.

இந்த நாடக வழக்கத்தின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1223-க்குப் போவார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் ஒரு தொழுவம் அமைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ், வைக்கோலும் மாடும் கழுதையும் அங்கே கொண்டுவரப்பட்டதைச் சொல்கிறார். பிறந்த குழந்தை பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே பிரான்சிஸின் விருப்பம். மனப்பாட வசனம் இல்லை. நற்செய்தியைப் பாடியதும் பிரசங்கித்ததும் அவரே. அங்கே கூடியவர்களில் யார் பார்வையாளர், யார் பங்கேற்றவர் என்று பிரிக்கவே முடியாது. நம் மேடை நாடகத்தின் பிரதியோ வேதவாக்கும் அல்ல. கதவைச் சாத்தும் சத்திரக்காரன் எந்த நற்செய்தியிலும் பேசுவதில்லை. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. தொழுவத்து மாடும் கழுதையும் ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. பெரியவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் இந்தக் கதையில் கைவைத்திருக்கும்போது, ஒரு குட்டி மேய்ப்பன் தன் வசனத்தை மாற்றிச் சொன்னால் மட்டும் ஏன் பதற வேண்டும்?

பிள்ளையின் வாயில் பெரியவர் பேச்சை வைப்பதற்கும் பழைய வரலாறு உண்டு. மத்தியகால இங்கிலாந்தின் பேராலயங்களில் டிசம்பர் மாதத்தில் பாடகர் குழுச் சிறுவன் ஒருவனுக்கு ஆயர் உடை உடுத்திப் பிரசங்கமும் செய்யவைத்தார்கள். எட்டாம் ஹென்றி 1541-இல் அதைத் தடைசெய்தார். அறிஞர் எராஸ்மஸ்கூட லண்டன் புனித பவுல் பள்ளிச் சிறுவன் ஒருவன் பேசுவதற்காகக் குழந்தை இயேசுவைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தச் சிறுவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று யாரும் பதிந்துவைக்கவில்லை. ஆனால் இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட இன்னொரு சிறுவன் பெரியவனாகித் தானே எழுதிவைத்தான். புனித அகஸ்டின் பள்ளியில் படிக்கும்போது, ஜூனோ தேவியின் கோபத்தையும் துயரத்தையும் தன் சொற்களில் பேசிக்காட்டும் போட்டி நடந்தது. யார் அந்த உணர்ச்சியைப் பொருத்தமாகக் காட்டுகிறாரோ அவருக்கே பாராட்டு. அகஸ்டினுக்குக் கைதட்டல் கிடைத்தது. பின்னாளில் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் அந்த நாளை நினைக்கும்போது, அத்தனையும் புகையும் காற்றும்தானே என்று கடவுளிடமே கேட்கிறார். புறசமயக் கதை என்பது அவர் வருத்தத்தில் ஒரு பகுதிதான். கைதட்டலுக்காக உணர்ச்சியைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் ஜூனோவுக்குப் பதில் மரியாளை வைத்துவிட்டால் மட்டும் காரியம் சரியாகிவிடாது.

இக்கால உளவியலும் ஏறக்குறைய இதையே வேறு வழியில் காட்டுகிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த நர்சரிப் பிள்ளைகளில் சிலருக்கு முன்கூட்டியே பரிசு உண்டென்று சொல்லி வரையவைத்தார்கள். பிறகு தாங்களாக விளையாடும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. 2011-இல் எலிசபெத் பொனாவிட்ஸும் சக ஆய்வாளர்களும் பல வேலைகள் செய்யும் ஒரு பொம்மையைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஒரு வேலையை மட்டும் பாடமாகக் காட்டிக்கொடுத்தபோது, பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மற்றவற்றைத் தேடுவது குறைந்தது. இரண்டும் பக்தியைப் பற்றிய ஆய்வுகள் அல்ல, அதனால் அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. ஆனால் தொழுவத்துக் காட்சியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு முகபாவத்தைக் காட்டிக்கொடுத்து, நன்றாகச் செய்தால் பரிசு என்றும் சொல்லும்போது, இரண்டு தவறுகளையும் சேர்த்தே செய்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு மதத்தின் உள்ளிருந்தே வருகிறது. சடங்கு முழுவதும் திரும்பச் செய்தல்தானே என்பார்கள். விசுவாசம் வராதவருக்குத் தத்துவஞானி பாஸ்கல் சொன்ன யோசனை நினைவுக்கு வரும்: விசுவாசிகள் செய்வதையெல்லாம் செய், புனித நீரைத் தொட்டுக்கொள், பூசைக்குப் போ, மனம் பின்னால் வரும். நம் பிள்ளைகள் பொருள் முழுதும் புரியாமல் வசனங்களை மனப்பாடம் செய்கிறார்கள். அவை முப்பது வயதில் துணைக்கு வருவதும் உண்டு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்கல் செய்கையைத்தான் கேட்டார், முகத்தைக் கேட்கவில்லை. முழங்கால்படியிடு என்பது கட்டளை; உருகுவதுபோல் காட்டு என்பது வேறு. ஜெபத்தில் சொற்களைத் தருகிறோம், அவற்றோடு பிள்ளை என்ன செய்கிறது என்பது அதற்கும் கடவுளுக்கும் இடையில் இருந்துவிடுகிறது. ரிகர்சலில் அந்த இடைவெளிக்குள்ளும் டைரக்டர் நுழைகிறார், அதுவும் முன்வரிசையில் மொபைலைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெற்றோரின் சார்பில். சிறு வயதிலிருந்து தொடரும் பாவனை சுபாவமாகிவிடும் என்று பிளேட்டோ எச்சரித்ததை இங்கே பொருத்தினால், பிள்ளைக்குப் பழகுவது பக்தி அல்ல, பார்க்கப்படுவது.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தயாரிப்பில்லாமல் மேடையேறித் திணறினால் அது கொடுமையில்லையா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மேடையோடு பழக்கம்: வெளிச்சம் போட்ட ஹாலில் இரண்டு மூன்று முறை நடந்து பார்ப்பது, மைக்கின் இரைச்சலைக் கேட்டுக்கொள்வது, பக்கத்தில் கைபிடிக்க ஒரு அக்கா இருப்பாள் என்ற நிச்சயம். பழுதற்றதைத்தான் ஆண்டவருக்குப் படைக்க வேண்டும் என்பவர்களுக்கு, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை நினைவூட்டினால் போதும். அதற்குமேல் இந்த வாதத்துக்கு நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. என் யோசனை இதுதான்: ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு வசனமே வேண்டாம். கீத ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதுபோல் ஒரு பெரியவர் கதையை வாசிக்கட்டும், பிள்ளைகள் அதற்கேற்ப நடந்து வரட்டும். கொஞ்சம் பெரியவர்களுக்குக் கதையைச் சொல்லிவிட்டு, இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று கேட்டு, அவர்கள் சொன்னதையே வசனமாக வைக்கலாம். சிறந்த நடிப்புக்கான பரிசை எடுத்துவிட்டு, கேக்கை எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுக்கலாம்.